பழசோ, புதுசோ?

என்னோடு முன்பு வேலை செய்த சுதர்சினி இப்போது கொழும்பில் பெரிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் எடுத்து, "மிஸ், நீங்கள் எழுதின புரோகிராமிலேயே ஆகப் பெரிய பிழை எது?" என்று கேட்டாள். தன்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லவாம். பாடம் நடத்த என் பிழைதானா கிடைத்தது என்று ஏசிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அதே யோசனை. பதில் தெரியாமல் இல்லை. அவள் கேட்டவுடனேயே பதில் வந்து நின்றது. அதை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை என்பதுதான் யோசனை.

இப்போது ஒரு வீடியோவை ஊர் ஊராகப் பிரதி எடுத்து வைத்து, கேட்பவருக்குப் பக்கத்திலிருந்தே கொடுக்கிற வேலையை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. வாங்கலாம். ஒரு சின்னப் பெட்டியில் சரி போட்டால் முடிந்தது. 2004இல் வவுனியாவில் இருந்துகொண்டு அதை நான் கையால் எழுதினேன். எழுதியதில் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைக்குள் இருந்த ஒரு பிழையால், பதின்மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பிய ஒரு மனிதர் மறுபடி ஊரைவிட்டுப் போயிருப்பார். அவரைப் போகச் சொல்ல இருந்தவர்களுக்குக் காரணம் எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கந்தோரில் பதினான்கு வருடம் பச்சை எழுத்துத் திரையைப் பார்த்துப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இயலாமல் போக வவுனியாவுக்கு வந்தேன். சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம். வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கும் சுகாதாரத் தொண்டர்களுக்கும் வீடியோவில் பாடம் அனுப்பும் ஒரு சிறிய அமைப்பு வவுனியாவில் ஆள் தேடியது. போனேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிவபாதம் ஐயா, தொலைத்தொடர்பில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஐயா யாரோடும் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. நாம் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் பென்சில் சீவத் தொடங்குவார். பிளேட்டால், மெல்லிசாக, தோல் அறாமல். சொல்வதில் பொருந்தாத ஒன்று வந்தால் பிளேட் நிற்கும். தலை நிமிராது. பிளேட் மட்டும் நிற்கும். நாமே திரும்பிப் போய், எங்கே பிசகினோம் என்று தேடவேண்டும். "இருந்திருக்கும்" என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. "இருந்திருக்கும் எண்டால் நீர் பார்க்கேல்லை எண்டு அர்த்தம். பார்த்திட்டு வந்து சொல்லும்" என்பார். முதல் மாதம் அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல். பிறகு வீட்டில் அம்மாவோடும் அப்படிக் கதைக்கத் தொடங்கி ஏச்சு வாங்கினேன்.

நெடுங்கேணி, முள்ளியவளை, ஜெயபுரம் என்று மூன்று இடத்தில் எங்களுக்கு நிலையங்கள் இருந்தன. மூன்றின் கூரையிலும் வானத்தைப் பார்த்தபடி ஒரு செய்மதித் தட்டு. பாடங்கள் எல்லாம் வவுனியாவில் ஒரு வீடியோ சேர்வரில். அங்கிருந்து தட்டுக்குப் போன இணைப்போ மகா மெல்லிசு. நிலையத்தில் ஒருவர் பாடம் பார்த்தால் படம் ஓடும். இரண்டாவது ஆள் அதே பாடத்தைத் திறந்தால் இருவருக்கும் திக்கும். மூன்றாவது ஆள் திறந்தால் திரையில் ஆசிரியர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். ஒரே பாடம் பத்துப் பேருக்காக வானத்துக்குப் போய்ப் பத்துத் தரம் இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து, நிலையத்திலேயே ஒரு பெட்டியை வைப்பது. முதல் ஆள் கேட்கும்போது பாடத்தை வவுனியாவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே தனக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்தவருக்கு அந்தப் பிரதியிலிருந்து கொடுக்கும். தொழில் மொழியில் கேஷ் ப்ரொக்சி. கேஷ் என்றதும் எல்லோருக்கும் காசு ஞாபகம் வந்ததால் ஐயா அதற்கு அலுமாரி என்று பெயர் வைத்தார். அலுமாரியைத் தந்த நிறுவனம் வெறும் அலுமாரியைத்தான் தந்தது. எதை வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, எப்போது தூக்கி எறிவது என்று தீர்மானிக்கிற மூளையை நாமே எழுதி உள்ளே செருகவேண்டும். பிளக்-இன் என்ற அந்த மூளைதான் என் வேலை.

மூளை செய்வதெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்வது. பெட்டி கேட்கும்: இந்தப் பாடம் உன்னட்ட இருக்கோ? இருந்தால், இன்னும் நல்லதோ? இல்லாவிட்டால் எங்கே போய் எடுக்க? எடுக்கேக்க பிரதி வைக்கவோ, சும்மா விடவோ? ஒவ்வொன்றுக்கும் கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொல்லவேண்டும். திரைக்கு முன்னால் ஒரு பிள்ளை காத்திருக்கும்.

எழுதி முடித்ததும் ஓட்டிக் காட்டலாம் என்று போனேன். ஐயா கொம்பியூட்டரைப் பார்க்கவேயில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் இருத்தினார். அவர் பெட்டி. நான் மூளை. தேத்தண்ணி போடுகிற பவளம் அக்கா வவுனியாவின் பெரிய சேர்வர்; அவா கையில் பாடங்கள் என்று ஒரு கட்டுத் துண்டுக் கடதாசி. சாரதியும் எழுதுவினைஞரும் மாணவர்கள். இருவரும் ஒரே நேரத்தில் "ஒளிமுறிவு" என்று கத்தினார்கள். ஐயா என்னைக் கேட்டார், இருக்கோ? இல்லை, போய் எடுங்கோ என்றேன். மற்றவருக்காகவும் கேட்டார். முதல் பிரதி இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே மறுபடியும் இல்லை, போய் எடுங்கோ என்றேன்.

பவளம் அக்கா கடதாசியைக் கொடுக்காமல் இழுத்துப் பிடித்தா. "இப்பதானே ஒண்டு கேட்டனீங்கள்? அது வந்து சேருமட்டும் மற்றவர் பொறுக்க மாட்டாரோ?"

நான் இரண்டு கிழமையாக, பதினான்கு நாளாக, காணாத பிழையை அவா தேத்தண்ணி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டா. திருத்தினேன். இப்படிப் பதினொரு தரம் ஒத்திகை நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிரதியின் ஆயுள். ஒரு பாடம் வவுனியாவிலிருந்து போகும்போது, "நாளைக்குக் காலை பத்து மணி வரை நல்லது" என்ற குறிப்பும் கூடவே போகும். பத்தானதும் அலுமாரி தானாக வவுனியாவைக் கேட்கும்: இது மாறினதோ? மாறாவிட்டால் அந்தப் பிரதிக்கு இன்னொரு நாள் ஆயுள். மாறியிருந்தால் பழசை எறிந்துவிட்டுப் புதுசை எடுத்து வைக்கும். ஒருவரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒத்திகையில் அது அழகாக ஓடியது. ஒத்திகை நடந்த மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் சுவரில் ஒரே மணிக்கூடு என்பதை நான் யோசிக்கவில்லை.

முள்ளியவளை நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நிஸ்தார் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ஐம்பது வயதிருக்கும். அந்த ஊரிலேயே மணிக்கூடும் ரேடியோவும் திருத்தும் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம் சனத்தை வடக்கைவிட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளம் போய், முகாமிலேயே பிள்ளைகளை வளர்த்தவர். பாதை திறந்த பிறகு தனியே திரும்பி வந்திருந்தார். அலுமாரியைப் பொருத்தப் போன நாளில் தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்: "வீட்டுக்காரி சொல்லிப்போட்டா மிஸ். மாசச் சம்பளம் எண்டு ஒண்டு நிலையா வந்தால்தான் பிள்ளையளோட வருவாவாம். இந்த வேலைதான் அது. இது போச்செண்டால் நானும் பழையபடி புத்தளம் பஸ்தான்."

அவருடைய நிலையத்தைப் போல சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. மணிக்கூட்டுக்குள் தூசி ஊதுகிற றப்பர் குமிழால் விசைப்பலகையின் எழுத்துகளுக்கிடையில் ஊதுவார். ஆனால் எனக்கு அவரில் ஒரு சின்ன முறைப்பாடு இருந்தது. தினமும் வவுனியாவின் பதிவேட்டில், நெடுங்கேணி அலுமாரி பத்து மணிக்கு "மாறினதோ?" என்று கேட்டிருக்கும். ஜெயபுரமும் பத்துக்கே. முள்ளியவளை மட்டும் பத்தரைக்கு. நிலையத்துக்கு மின்சாரம் தருகிற ஜெனரேற்றரை நானா ஆறுதலாகப் பிந்தித்தான் போடுகிறார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கந்தோரில் அவரை "பத்தரை நானா" என்று பகிடி பண்ணுவோம். ஒருநாளாவது எடுத்துக் கேட்டிருக்கலாம்.

அந்த மாரியில் வயிற்றோட்டம் பரவியது. எங்களோடு வேலை செய்த டொக்டர், தொண்டர்களுக்கென்று ஒரு பாடம் செய்தா: வீட்டிலேயே உப்பும் சீனியும் கலந்து பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீர். வகுப்புக்கு முதல் நாள் அந்தப் பாடத்தை மூன்று அலுமாரியிலும் ஏற்றிவிட்டோம். பின்னேரம் ஒரு தாதி வந்து பார்த்துவிட்டுக் கேட்டா, "டொக்டர், வாயால தேக்கரண்டி எண்டுறியள். கையில வைச்சிருக்கிறது சோத்துக்கரண்டியெல்லோ?" உண்மைதான். படம் எடுத்த அவசரத்தில் குசினியிலிருந்து பெரிய கரண்டி வந்திருக்கிறது. பார்ப்பவர்கள் காதை நம்பமாட்டார்கள், கண்ணைத்தான் நம்புவார்கள். உப்புக் கூடினால் ஏற்கெனவே வற்றிப் போயிருக்கிற பிள்ளைக்கு அது நஞ்சு. அன்றைக்கே திரும்பப் படம் எடுத்தார்கள்.

புதுப் பாடத்தை நான் வேறு பெயரில் ஏற்றியிருக்கலாம்; அந்தப் பெயரில் பிரதி இல்லாததால் அலுமாரி உடனே புதுசைத்தான் எடுத்திருக்கும். சுதர்சினியிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். செய்யவில்லை. அதே பெயரில் பழையதற்கு மேலே வைத்தேன். நாளைப் பத்து மணிக்கு அலுமாரிகள் தாமாகவே கண்டுபிடிக்கும். என் மூளை வேலை செய்வதை எல்லோரும் பார்க்கட்டுமே என்ற எண்ணம். நிலையங்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்றையும் செய்மதித் தட்டு வழியான தொலைபேசியில் எடுத்தேன். அதில் ஒரு சொல் போய்ப் பதில் வர ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். ஆகவே எல்லோரும் சுருக்கமாகத்தான் கதைப்போம்.

"நானா, நாளைக்குத் தொண்டர் வகுப்பெல்லோ? பத்து மணி கழியத்தான் பாடத்தைப் போடவேணும். அதுக்கு முதல் வேண்டாம்."

"ஓம் மிஸ்." ஒரு மூச்சு. "பழசோ, புதுசோ?"

"புதுசு, புதுசு! அதுக்குத்தானே சொல்லுறன்."

"அப்ப சரி. புதுசு."

வைத்துவிட்டேன். பாடத்தில் என்ன மாறியது என்று நான் சொல்லவில்லை. கரண்டி என் வேலையில்லை என்று நினைத்திருக்கவேண்டும்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் டொக்டர் ஒவ்வொரு நிலையமாக எடுத்துத் தொண்டர்களைக் கேள்வி கேட்டா. முள்ளியவளையை எடுத்தபோது மணி பத்து ஐம்பது. பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"ஒரு லீற்றர் தண்ணிக்கு எவ்வளவு உப்பு?"

"அரைக் கரண்டி!" இருபது பெண்களின் குரல்.

"எந்தக் கரண்டி?"

"சோத்துக்கரண்டி!"

டொக்டரின் முகம் வெளுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவரையும் வீட்டுக்கு விடவேண்டாம், பாடத்தைத் திரும்பப் போடுங்கோ என்றா. திரும்பப் போட்டபோது சின்னக் கரண்டியோடு புதுப் பாடம் ஒழுங்காக ஓடியது. எல்லோரும் அதை முழுக்கப் பார்த்து, கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் போனார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டொக்டர் தொலைபேசியை வைத்துவிட்டு ஐயாவிடம் திரும்பினா. "புதுசு அங்கேயே இருந்திருக்கு. அந்த ஆள் சொன்னதைக் கேளாமல் பழசைப் போட்டிருக்கிறார். இந்தக் கிழமைக்குள்ள ஆளை மாத்துங்கோ ஐயா" என்றுவிட்டுப் போனா.

ஐயா என்னைக் கூப்பிட்டார். பென்சில் சீவத் தொடங்கினார். நான் பதிவேட்டை விரித்தேன். நெடுங்கேணி பத்து மணிக்குக் கேட்டுப் புதுசை எடுத்திருக்கிறது. ஜெயபுரமும் அப்படியே. முள்ளியவளை வழக்கம்போலப் பத்தரை. "அவர் எப்பவும் பிந்தித்தான் போடுறவர் ஐயா. இண்டைக்குப் பத்துக்கு முதலே வகுப்பைத் தொடங்கியிருந்திருப்பார்."

பிளேட் நின்றது. ஒரே வசனத்தில் அவரைப் பிந்துகிறவராகவும் முந்துகிறவராகவும் ஆக்கியிருந்தேன்.

"பாடம் எத்தனை நிமிசம்?"

"நாப்பது."

"பத்து ஐம்பதுக்கு முடிஞ்சது. அப்ப தொடங்கினது?"

"பத்துப் பத்து."

"நீர் சொன்னமாதிரி பத்து கழியத்தான் தொடங்கியிருக்கிறார். பத்துப் பத்துக்குப் பெட்டி உயிரோட இருந்திருக்கு. பிறகேன் அது பத்தரை வரைக்கும் உம்மட கேள்வியைக் கேட்கேல்லை?"

என்னை அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், உண்மையாகச் சொன்னால், அதைவிடப் பெரிதாக இருந்தது ஆசை: ஏன் பத்தரை? ஒரு நிமிடம் கூடக் குறையாமல் ஒவ்வொரு நாளும் ஏன் பத்தரை?

"அவர் எதையாவது மாத்தியிருப்பார்…"

"இருப்பாரோ?" ஐயா புதுப் பென்சில் ஒன்றை எடுத்தார். "போய்ப் பாரும், வசந்தி. டொக்டரை நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் சமாளிக்கிறன்."

அடுத்த நாள் பஸ் ஏறினேன். ஓமந்தைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவில் கிடந்த வெறும் நிலத்தைக் கடந்து மற்றப் பக்கம் நடந்து இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். அந்தப் பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவோம். சில வருடத்துக்கு முன் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கையில் இருந்த வன்னி அதைப் பொருட்படுத்தவில்லை. வவுனியாவில் பத்தரை என்றால் ஓமந்தைக்கு அப்பால் பத்து. அப்பாலுள்ளது பழைய நேரம், வவுனியாவினது புது நேரம். ஆற்றைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றுவதுபோல, யோசிக்காமல் கை தானாகச் செய்துவிடும். என் கையும் செய்தது. மூளை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு முள்ளியவளையில் ஒரு ரீச்சர் வீட்டில் தங்கி, காலையில் நிலையத்துக்குப் போனேன். நிஸ்தார் நானா எனக்கு முன்பே வந்து கூட்டி முடித்திருந்தார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. ஒரு கதிரையைத் துடைத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டார். சரியாக ஒன்பதுக்கு ஜெனரேற்றரைப் போட்டார். "எந்த நாளும் ஒன்பதுக்குத்தானோ நானா?" என்றேன். "வேறெப்ப மிஸ்?" என்றார்.

உட்கார்ந்திருந்தேன். இணைப்புக் கருவியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அலுமாரி வவுனியாவோடு கதைத்தால் அது துடிக்கும். ஒன்பதரை. துடிக்கவில்லை. ஒன்பது ஐம்பது. இல்லை. திரையின் மூலையில் பத்து என்று விழுந்தது. விளக்கு படபடவென்று துடித்தது. கைமணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து. ஒரு வினாடி பிசகில்லை.

எழும்பி நின்று கத்தாத குறை. உடனே ஐயாவை எடுத்தேன். "ஐயா, இப்பதான் கேட்டது! பெட்டியில பிழையில்லை, சரியாப் பத்து!"

ஒரு மூச்சு. "இஞ்ச பத்து முப்பது எண்டு விழுந்திருக்கு."

"இல்லை ஐயா, பத்து. பெட்டியிலயும் பத்து, என்ர கையிலயும் பத்து."

இந்த முறை மூச்சு நீண்டது. அது செய்மதியால் வந்த தாமதம் இல்லை.

"எந்தப் பத்து, வசந்தி?"

நான் கைமணிக்கூட்டைத் திரும்பப் பார்த்தேன். பின்னாலிருந்து நிஸ்தார் நானா மெல்லச் சொன்னார், "பழைய பத்து."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். "நானா, இந்தப் பெட்டியின்ர மணிக்கூட்டை நீங்கள் மாத்தினனீங்களோ?"

"ஓம் மிஸ். நீங்கள் பொருத்திப்போட்டுப் போன அண்டைக்கே. அரை மணி முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிழையான மணிக்கூடு ஒண்டை என்ர அறையில வைச்சிருக்கேலுமே?"

இவ்வளவுதான் விசயம். கொம்பியூட்டருக்குள் உண்மையில் ஓடுவது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நேரம். நாம் எந்த ஊர் என்று சொன்னால், அதற்கேற்ப மணிக்கூட்டு முகத்தில் மட்டும் கூட்டிக் காட்டும். நாங்கள் ஊர் என்று கொழும்பைத்தான் குறித்திருந்தோம். அதை அப்படியே விட்டு நானா முள்ளைத் திருப்ப, பெட்டி உலகத்தையே அரை மணி பின்னுக்கு வைத்துவிட்டது. "பத்து மணி வரை நல்லது" என்று வவுனியா எழுதி அனுப்பிய குறிப்பை, வவுனியாவில் பத்தரை ஆகும் மட்டும் அது விசுவாசமாகக் காப்பாற்றியது. நெடுங்கேணியிலும் ஜெயபுரத்திலும் மூலையில் தெரிந்த நேரம் அரை மணி பிழையென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அதனால் அங்கே எல்லாம் சரியாக நடந்தது. மூன்று பேரில் ஒருவர்தான் கவனமானவர், அவர்தான் மாட்டிக்கொண்டார்.

நானா இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "அண்டைக்கு நான் கேட்டனான் எல்லோ மிஸ், பழசோ புதுசோ எண்டு?"

"ஓம். கேட்டனீங்கள்."

"நீங்கள் புதுசு எண்டியள். புதுப் பத்தெண்டால் இஞ்ச ஒன்பதரை. சனத்தை மினக்கெடுத்தாமல் ஒன்பது நாப்பதுக்குப் போட்டன்."

"நான் பாடத்தைச் சொன்னனான் நானா. புதுப் பாடம் எண்டு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். அவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது, நேரத்துக்கென்று எடுத்தாலும் சரியான பதில். அவர் செய்தது சரியான காரியம். வெறுமனே சோம்பலாக இருந்து பழைய பத்துக்குப் போட்டிருந்தால் புதுப் பாடமே ஓடியிருக்கும். சிரித்து முடிந்ததும் எனக்கு நினைவு வந்தது. இந்த மனிதரைத்தான் ஒரு கிழமைக்குள் மாற்றச் சொல்லியிருந்தது.

கைவசம் ஒரு குறுக்குவழி இருந்தது. பெட்டியில் ஊர்களின் பட்டியலைத் திறந்து, இந்திய நகரங்களின் பெயர் போட்ட வரியைக் காட்டினேன். அதைத் தெரிவு செய்தால், இந்திய நேரமும் வன்னி நேரமும் ஒன்றென்பதால், முகத்திலும் பழைய நேரம் காட்டும், உள்ளேயும் சரியாக ஓடும். நானா குனிந்து வாசித்தார்.

"முள்ளியவளையில இருந்துகொண்டு இது இந்தியாவில இருக்கெண்டு பதியிறதோ?"

"சும்மா நேரத்துக்குத்தான் நானா."

"உங்கட விருப்பம் மிஸ். ஆனா நான் பதின்மூண்டு வருசம் வேற ஊர்ப் பதிவிலதான் இருந்தனான். நான் எங்க இருக்கிறன் எண்டு கேட்டால் பொய் சொல்லவேண்டியதா இருக்கும். திரும்பவும் வேண்டாமே."

அந்த வரியை மூடிவிட்டேன். பிழை நேரத்திலும் இல்லை, ஊரிலும் இல்லை, மூளையில். ஒரு பிரதி நல்லதா கெட்டதா என்று அறிய அது ஏன் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும்? மத்தியானம் வரை அங்கேயே இருந்து திருத்தினேன். வவுனியா இனி "பத்து மணி வரை" என்று சொல்லாது, "இன்னும் இவ்வளவு வினாடிக்கு நல்லது" என்று சொல்லும். அலுமாரி அந்த வினாடிகளை ஒன்றொன்றாகக் குறைத்துக்கொண்டு வரும். மின்சாரம் நின்று எண்ணிக்கை விட்டுப்போனால் ஊகிக்காமல் திரும்பக் கேட்கும். சோதித்துப் பார்க்க, மணிக்கூட்டைக் கண்டபடி மாற்றுங்கோ என்று நானாவிடம் சொன்னேன். நடுச்சாமம் ஆக்கினார், போன வருடம் ஆக்கினார். அலுமாரி ஒன்றுக்கும் அசையவில்லை. "வேணுமெண்டு ஒரு மணிக்கூட்டைப் பிழையா வைச்சது இதுதான் முதல்தரம்" என்று சொல்லி, முடிந்ததும் கவனமாகப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்து விட்டார்.

பிறகு அவருக்கு முன்னால் இருந்துகொண்டே ஐயாவுக்கு அறிக்கை எழுதினேன். எழுதுமுன் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "நானா, நீங்கள் நேரத்துக்கு முதலே தொடங்கியிருப்பியள் எண்டு ஐயாவிட்டச் சொன்னது நான். பார்க்காமல் சொன்னனான். உங்களை மாத்தச் சொல்லி டொக்டர் கேட்டிருக்கிறா."

"வந்து கதிரையில இருக்கேக்கயே விளங்கினது மிஸ்" என்றார். "எழுதுங்கோ."

நடந்ததை ஒழுங்காக எழுதினேன். கடைசியில், "நிலையப் பொறுப்பாளர் தமது வேலையில் பிழை விடவில்லை. பிழை என்னுடையது" என்று முடித்து வாசித்துக் காட்டினேன். டொக்டர் பின்னர் அதைப் படித்துவிட்டு, ஆளை மாற்றும் கதையையே விட்டா. நானாவைத் தொலைபேசியில் எடுத்து வருத்தமும் தெரிவித்தா. அன்றைக்கு நானா வாசித்ததைக் கேட்டுவிட்டுக் கடதாசியை எட்டிப் பார்த்தார்.

"பொறுப்பாளர் எண்டு வேண்டாம் மிஸ். என்ர பேரைப் போடுங்கோ. முள்ளியவளை நிஸ்தார் எண்டு."

வெட்டிவிட்டு எழுதினேன்.

"இன்னொரு பிரதி தருவியளோ?"

"தாறன். ஆருக்கு நானா?"

"வீட்டுக்காரிக்கு அனுப்ப."

"அவா சம்பளம் வந்தால்தானே வருவன் எண்டவா?"

"அது சும்மா சொல்லுற சாட்டு மிஸ். தொண்ணூறில எங்களைப் போகச் சொல்லேக்க என்ன பிழை விட்டனாங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் வந்து பார்க்கவுமில்லை. திரும்பி வந்தால் திரும்பவும் அப்பிடித்தானோ எண்டதுதான் அவாவுக்குப் பயம்." அவர் அந்தக் கடதாசியைத் தன் பக்கம் திருப்பி, என் கையெழுத்தின் கீழே விரலை வைத்தார். "பிழை ஆருடையது எண்டு பார்க்க ஒரு ஆள் ரெண்டு பஸ் ஏறி வந்ததெண்டு அவா வாசிக்கட்டும்."

நிலையத்தில் அச்சுப்பொறி இருக்கவில்லை. இரண்டாவது பிரதியையும் கையாலேயே எழுதி, கையொப்பம் வைத்து, அவரிடம் கொடுத்தேன்.